கடைக்கு இடம் பார்க்கும் கண்ணால் வீட்டுக்கும் இடம் பாருங்கள்

புறக்கோட்டையில் எனது இரண்டாவது கடையை எடுப்பதற்கு முன்னர், அதற்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் பதினொரு நாட்கள் உட்கார்ந்திருந்தேன். காலையில் எத்தனை பேர் அந்தப் பக்கமாக நடக்கிறார்கள், பஸ்ஸில் இருந்து இறங்குகிறவர்கள் எந்த ஒழுங்கையால் வருகிறார்கள், மழை பெய்தால் எந்தக் கூரையின் கீழ் ஒதுங்குகிறார்கள், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் கூட்டம் எந்தத் திசையில் கலைகிறது என்றெல்லாம் பார்த்து ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன். இதில் புதுமை ஒன்றும் இல்லை. கீ மணி கொடுத்துக் கடை எடுக்கும் எந்த வியாபாரியும் இதைத்தான் செய்வார்.

அதே நான், 2023 ஏப்ரலில் என் மகளின் குடும்பம் நிரந்தர வதிவிட விசாவில் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகருக்குச் சென்றபோது, அவர்கள் எடுக்கப் போகும் வீட்டின் நான்கு படங்களை வட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு, எடுங்க" என்று சொன்னேன். பதினொரு நாட்களும் இல்லை, பதினொரு நிமிடங்களும் இல்லை.

2022 நெருக்கடிக்குப் பின்னர் எமது வியாபாரக் குடும்பங்களில் இருந்து பிள்ளைகள் வெளிநாட்டில் குடியேறுவது சாதாரணமாகிவிட்டது. விசாவுக்கும் விமான டிக்கட்டுக்கும் மாதக்கணக்கில் அலைகிறோம். எந்த ஊரில் வாழ்வது என்பதை மட்டும் அங்கே முதலில் போன ஒரு உறவினரின் வாய்ச் சொல்லில் விட்டுவிடுகிறோம். என் வீட்டில் நடந்ததை எழுதுவதால் சிலருக்காவது பணமும் மனவருத்தமும் மிச்சமாகலாம்.

நாங்கள் செய்த தவறு

மருமகனின் வேலை டண்டினோங் சவுத் தொழிற்பேட்டையில் ஒரு களஞ்சியசாலையில் கிடைத்தது. படித்தது கணக்கியல், ஆரம்பத்தில் கிடைத்ததை எடுக்கத்தானே வேண்டும். வீடு எடுத்தது கிளைட் என்ற புறநகரில். நகர மத்தியில் இருந்து தென்கிழக்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர். புதிய வீடு, நான்கு அறைகள், வாரத்துக்கு 490 டொலர். அந்த வாடகைக்கு நகரத்தை அண்டிய இடங்களில் இரண்டு அறைகளே கிடைக்கும் என்று சொன்னார்கள். உண்மைதான்.

முதலில் கணக்கிலேயே சறுக்கினோம். அங்கே வாடகையை வாரக் கணக்கில் சொல்கிறார்கள். நான் 490ஐ நான்கால் பெருக்கி, மாதம் 1,960 டொலர் என்று கொழும்பில் இருந்துகொண்டு வரவு செலவு போட்டேன். ஆண்டுக்கு 52 வாரங்கள். 490ஐ 52ஆல் பெருக்கிப் பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 2,123 டொலர் வருகிறது. ஆண்டு முடியும்போது 1,960 டொலர், அதாவது நான்கு வார வாடகை, என் கணக்கில் விடுபட்டிருந்தது. முப்பது வருடமாகக் கணக்கு எழுதும் மனிதன் செய்த பிழை இது.

பணப் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். மற்றது அப்படியல்ல. ஒரு கார், அது மருமகனோடு காலை ஐந்தரை மணிக்குப் போய்விடும். மகளுக்கு அங்கே ஓட்டுவதற்கு அனுமதிப்பத்திரம் இல்லை. ஆறு வயது மகனைப் பாடசாலையில் விட வேண்டும், இரண்டு வயது மகளையும் கூடவே இழுத்துச் செல்ல வேண்டும். பாடசாலை இரண்டு கிலோமீற்றருக்கு மேல். ஆகக் கிட்டிய ரயில் நிலையம் கிரன்போர்ன். நடந்து போகும் தூரமில்லை. பஸ் இருந்தது, ஆனால் அவளது நேரத்துக்கு இல்லை. ஒவ்வொரு நாளும் காலை, மாலை என இரண்டு தடவை பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். இதை அவள் என்னிடம் சொல்லவே இல்லை. "எப்படி மகள் இருக்கீங்க?" என்றால் "அல்ஹம்துலில்லாஹ் வாப்பா" என்பதுடன் பேச்சு முடியும்.

2023 ஜூலையில் நானும் மனைவியும் போனோம். அங்கே அது குளிர்காலம். மஃரிப் ஐந்தேகால் மணியளவில் வந்துவிடுகிறது. மூன்றாம் நாள் மாலை பேரனைக் கூட்டிவர நானும் மகளோடு நடந்தேன். மழையும் காற்றும் முகத்தில் அடித்தன. போகும் வழி முழுவதும் புதிய வீடுகள், எல்லா வீட்டுக்கும் கராஜ், எல்லாக் கதவும் மூடியபடி. அப்போதுதான் அவள் வாய் திறந்தாள்: "வாப்பா, இந்த ரோட்டில ஒரு மனிசரையும் காணக் கிடைக்கிறல்ல. சில கிழமை இவரைத் தவிர வேறு பெரியாள் ஒருத்தரோட நான் கதைச்சதே இல்ல."

எனது கொப்பி ஞாபகத்துக்கு வந்தது. ஆள் நடமாட்டமே இல்லாத தெருவில் இலவசமாகக் கடை தந்தாலும் நான் எடுத்திருக்க மாட்டேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிளைட் கெட்ட ஊரல்ல. இரண்டு கார் வைத்திருக்கும், இரண்டு பேரும் ஓட்டத் தெரிந்த குடும்பத்துக்கு அது நல்ல ஊர். பிள்ளைகள் விளையாட இடமுண்டு. மெல்பேர்னின் வெளி விளிம்பில் வளரும் புறநகர்கள் பலவற்றிலும் வீடுகள் முதலில் எழும்புகின்றன. ரயிலும் பஸ்ஸும் பாடசாலையும் வைத்தியரும் பின்னால்தான் வந்து சேர்கின்றன. மேற்கே டார்னெயிட் என்ற ஊருக்கு 2015இல் ரயில் நிலையம் கிடைத்தது. அதுவும் ஜீலோங் நோக்கிச் செல்லும் தூர ரயில் பாதையில்தான். முன்கூட்டியே போகிறவர் குறைந்த விலையின் பலனை அடைகிறார், காத்திருக்கும் சிரமத்தையும் அவரே சுமக்கிறார். அந்தச் சிரமம் வீட்டில் யார் தலையில் விழுகிறது என்பதைத்தான் நாங்கள் கேட்கத் தவறினோம்.

யாருடைய நாளை வைத்து ஊர் தேடுவது?

வேலைக்குப் போகிறவரின் பயணத்தை வைத்தே எல்லோரும் வீடு தேடுகிறார்கள். அவர் காரில் ஏறினால் பத்துக் கிலோமீற்றர் கூடினாலும் கால் மணி நேரம்தான். பகல் முழுவதும் அந்த ஊரில் உண்மையாக வாழ்கிறவர் வீட்டில் இருப்பவர். ஆகவே அவருடைய ஒரு நாளைக் காலை முதல் இரவு வரை தாளில் எழுதி, ஒவ்வொரு காரியத்துக்கும் கால்நடையாக எத்தனை நிமிடம் என்று போட வேண்டும். பாடசாலை, பால் பாண் வாங்கும் கடை, வைத்தியர், பள்ளிவாசல், நூலகம், ரயில் அல்லது அடிக்கடி ஓடும் பஸ். கார் இல்லாமல் இவற்றில் எத்தனை முடியும்? கிளைட் வீட்டுக்கு நான் இப்படி எழுதிப் பார்த்தபோது ஒரு சிறு பூங்காவைத் தவிர வேறொன்றும் தேறவில்லை.

"ரெண்டாவது கார் ஒண்ணு எடுத்துட்டா சரிதானே மாமா?" என்றார் மருமகன். அதையும் கணக்குப் பார்த்தோம். பதிவுக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 900 டொலர். அதன் மேல் காரின் விலை, காப்புறுதி, எரிபொருள், திருத்த வேலை. அனுமதிப்பத்திரத்துக்கும் காலம் வேண்டும்: விக்டோரியா மாநிலத்தில் 25 வயதைத் தாண்டியவர் பயிலுநர் அனுமதி எடுத்துக் குறைந்தது மூன்று மாதமாவது பழகிய பின்னரே ஓட்டப் பரீட்சைக்குப் போகலாம். இலங்கை அனுமதிப்பத்திரம் உள்ளவர்களும் அதை வைத்துக்கொண்டு காலமெல்லாம் ஓட முடியாது. குடியேறி ஆறு மாதத்துக்குள் அந்த மாநிலத்தின் பரீட்சைகளில் தேறியாக வேண்டும். மனைவிமார் கொழும்பிலேயே ஓட்டப் பழகிக்கொண்டு போவது நல்லது என்று நான் எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். "அங்க போய்ப் பாப்பம்" என்று விட்டால் ஒரு வருடம் போய்விடும்.

ஒப்பந்தம் பன்னிரண்டு மாதம். ஆறு மாதம் மிச்சம் இருக்கும்போதே விட்டுவிடுவதென்று முடிவு செய்தோம். அங்கே ஒப்பந்தத்தை இடையில் முறித்தால், புதிய குடியிருப்பாளர் வரும்வரை வாடகையும், விளம்பரச் செலவும், முகவரின் மறு வாடகைக் கட்டணத்தில் மிகுதிக் காலத்துக்கான பங்கும் கொடுக்க வேண்டும். எங்களுக்கு மூன்று வார வாடகை உட்பட மொத்தம் 1,900 டொலருக்குச் சற்று மேல் போனது. விற்பனையாகாத சரக்கை முடக்கி வைப்பதைவிட நட்டத்துக்குக் கழிப்பது மேல் என்பது நமக்குத் தெரிந்த பாடம்தான். ஆனாலும் அந்தப் பணத்தைக் கொடுக்கும்போது எனக்குக் கைகூசியது.

இரண்டாவது தேடல்

இம்முறை ஊரை முதலில் தேடி, வீட்டைப் பின்னர் தேடினோம். கொழும்பில் இருந்தபடியே பார்த்திருக்கக்கூடிய விடயங்கள் எத்தனை என்று அப்போதுதான் தெரிந்தது. அவுஸ்திரேலியப் புள்ளிவிபரத் திணைக்களம் 2021 குடிசன மதிப்பீட்டின் விபரங்களை ஒவ்வொரு புறநகருக்கும் தனித்தனியாக இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. எந்த நாட்டில் பிறந்தவர்கள், என்ன மதம், வீட்டில் பேசும் மொழி, பிள்ளைகள் எத்தனை, ஒரு வீட்டில் எத்தனை வாகனங்கள் என்பது வரை உண்டு. வாகனமில்லாத வீடுகள் கணிசமாக உள்ள ஊரில், கால்நடையாக வாழ முடிகிறது என்று ஓரளவு ஊகிக்கலாம். சந்தை ஆய்வுக்கு நாம் காசு கொடுக்கும் காலத்தில் இது சும்மா கிடக்கிறது.

அடுத்தது பாடசாலை. விக்டோரியாவில் அரச பாடசாலை ஒவ்வொன்றுக்கும் எல்லை வகுத்திருக்கிறார்கள். அந்த எல்லைக்குள் நிரந்தரமாக வசிக்கும் பிள்ளைக்கு அங்கே இடம் உறுதி; வெளியே உள்ள பிள்ளைக்கு இடம் மிஞ்சினால்தான். முகவரியைக் கொடுத்தால் எந்தப் பாடசாலை என்று காட்டும் அரச இணையத்தளமும் உள்ளது. தெருவின் ஒரு பக்கம் ஒரு பாடசாலைக்கும் மறுபக்கம் வேறொன்றுக்கும் போவதுண்டு. ஆகவே ஊரின் பெயரை நம்பாமல் வீட்டு இலக்கத்தைக் கொடுத்தே பார்க்க வேண்டும். கிளென் வேவர்லி, மக்கின்னன் போன்ற இடங்களில் பெயர்போன அரச உயர்தரப் பாடசாலைகளின் எல்லைக்குள் இருப்பதற்காகவே வீட்டு விலை ஏறி நிற்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்காக அந்த விலையைக் கொடுப்பது வீண் என்பது என் அபிப்பிராயம். தற்காலிக விசாவில் போகிறவர்கள், அரச பாடசாலையிலும் தமது விசா வகைக்குக் கட்டணம் உண்டா என்பதை முற்கூட்டியே விசாரிக்க வேண்டும். தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளைகள் உள்ளவர்கள் கவனிக்க இன்னொன்று: புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தைத் தீவிரமாகக் கற்பிக்கும் அரச பாடசாலைகள் சில இடங்களில் உள்ளன, நோபல் பார்க்கில் அப்படியொன்று இருக்கிறது.

முஸ்லிம் பாடசாலைகளும் உண்டு. தென்கிழக்கில் மினாரட் கல்லூரிக்கு ஸ்பிரிங்வேலிலும் டவ்டனிலும் ஒபிசரிலும் கிளைகள். வடக்கே கோபர்க்கில் 1983இல் தொடங்கப்பட்ட பாடசாலை இன்று அவுஸ்திரேலியன் இன்டர்நெஷனல் அக்கடமி என்ற பெயரில் இயங்குகிறது. டலஸில் இலிம் கல்லூரி, மேற்கே ட்ருகனினாவில் அல்-தக்வா கல்லூரி. இவை கட்டணப் பாடசாலைகள். இரண்டு மூன்று பிள்ளைகள் என்றால் கட்டணம் எவ்வளவு, இடம் இருக்கிறதா என்பதைக் கேட்டு, பதில் கையில் வந்த பின்னரே அந்த ஊரில் வீடு பாருங்கள். "முஸ்லிம் ஸ்கூல் பக்கத்தில இருக்கு" என்று வீட்டை எடுத்துவிட்டு இடம் கிடைக்காமல் திண்டாடிய ஒருவரை எனக்குத் தெரியும்.

பள்ளிவாசலைப் பொறுத்தவரை வரைபடத்தில் புள்ளி இருப்பது போதாது. துருக்கியர், பொஸ்னியர், ஆப்கானியர், லெபனானியர் என ஒவ்வொரு சமூகத்தவரும் தத்தம் முயற்சியால் கட்டியவை பல. குத்பா எந்த மொழியில், பெண்களுக்கு இடம் உண்டா, பிள்ளைகளுக்குக் குர்ஆன் வகுப்பு எந்த நாளில் என்று நேரில் போய்க் கேட்க வேண்டும். நேரத்தையும் யோசியுங்கள். கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுகிறார்கள். 2025 றமழானின் முதல் நாட்களில் மஃரிப் எட்டு மணிக்குச் சற்று முன்னர். தராவீஹ் முடிந்து வெளியே வரும்போது பதினொரு மணியை அண்மித்துவிடும். மறுநாள் பாடசாலை, வேலை எல்லாம் வழமை போல. ஐந்து நிமிட நடையில் பள்ளிவாசல் இருந்தால் பேரனும் போவான், அரை மணி நேரக் கார்ப் பயணம் என்றால் வாப்பா மட்டும்தான் போவார்.

நோபல் பார்க் என்று சொன்னதும் ஒரு பழைய நண்பர் தொலைபேசியில் தடுத்தார். "டண்டினோங் பக்கம் வேணாம், களவும் சண்டையும்" என்றார். இந்தப் பேச்சை அலட்சியம் செய்யவும் கூடாது, அப்படியே விழுங்கவும் கூடாது. விக்டோரியாவில் குற்றப் புள்ளிவிபரங்களை ஊர்வாரியாக வெளியிடுகிறார்கள். ஆனால் அவை குற்றம் நடந்த இடத்தின் கணக்கு. பெரிய சந்தையும் ரயில் நிலையமும் உள்ள ஊரில் கடைத் திருட்டும் சேர்ந்து எண்ணிக்கை பெருத்துவிடும். புறக்கோட்டையைப் பற்றி வெளியூரார் சொல்வதும் இதே ரகம்தானே! நாங்கள் செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றரைக்குப் பாடசாலை வாயிலில் போய் நின்றோம். தாய்மார்கள் கூட்டமாக நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஹிஜாப் அணிந்தவர்கள், வியட்நாமியர், சூடானியர், வெள்ளையர். மகள் அங்கேயே ஒரு ஆப்கானியப் பெண்ணுடன் பேச்சைத் தொடங்கிவிட்டாள். பின்னர் ஞாயிறு இரவு எட்டு மணிக்கு ரயில் நிலையத்தில் இருந்து அந்தத் தெரு வரை நடந்து பார்த்தோம். ஓரிடத்தில் வெளிச்சம் போதாது என்று பட்டது. அந்த ஒழுங்கையில் இருந்த வீட்டைக் கழித்துவிட்டோம்.

இந்த நடை முக்கியம். வீட்டைப் பார்க்க முகவர் தருவது கால் மணி நேரம், அதுவும் பெரும்பாலும் சனிக்கிழமை, கூடவே இருபது பேர். அதற்குள் வீட்டையே பார்க்க முடியாது, ஊரை எங்கே பார்ப்பது?

கிடைத்தது மூன்று அறை கொண்ட பழைய வீடு, வாரம் 510 டொலர். சமையலறை சிறிது, கம்பளம் பழையது. வாடகையில் வித்தியாசம் ஆண்டுக்கு 1,040 டொலர். அதில் பெரும்பகுதி, வாங்காத இரண்டாவது காரின் பதிவுக் கட்டணத்தோடு சரியாகிவிடுகிறது. மருமகனுக்கு வேலைத்தலமும் கிட்ட வந்தது.

முகவரிடம் நம் ஊர்ப் பாணியில், "ஆறு மாத வாடகையை இப்போதே தருகிறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு வேலைக் கடிதத்தையும் வங்கிக் கூற்றையும் கேட்டார். வாரம் 900 டொலருக்கு மேற்படாத வீடுகளுக்கு ஒரு மாத வாடகைக்கு மேல் முற்பணமோ பிணைப்பணமோ கேட்க அங்கே சட்டம் இடமளிக்காது. பிணைப்பணமும் வீட்டுக்காரர் கையில் இருப்பதில்லை. அதற்கான அரச அதிகார சபையிடம் வைப்பிலிட வேண்டும். குடியேறியதும் வீட்டின் நிலைமை அறிக்கையை நிரப்பி ஐந்து வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். சுவரில் இருக்கும் கீறல், கறை எல்லாவற்றையும் படம் எடுத்து அதில் எழுதுங்கள். வெறுமனே கையொப்பம் இட்டால் பிறகு அந்தக் கீறல் உங்களுடையதாகிவிடும். பிரதான அறையில் பொருத்தப்பட்ட ஹீட்டர் இருக்க வேண்டும் என்பதும் 2021 முதல் சட்டம். அதைப் போட்டுப் பார்த்துவிட்டே சாவியை வாங்குங்கள்.

புதிதாகப் போகிறவர்கள் முதல் ஆறு வாரம் உறவினர் வீட்டிலோ குறுகிய கால வாடகை அறையிலோ தங்கிக்கொண்டு ஊர் தேடுவதே சிறந்தது. செலவு சற்றுக் கூடும். எங்கள் 1,900 டொலரோடும் மகளின் அந்த ஐந்து மாதத்தோடும் ஒப்பிட்டால் அது செலவே அல்ல. "நம்ம ஆட்கள் இருக்கிற ஊர்" என்ற ஒரே காரணத்துக்காகப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒருவருக்கொருவர் உதவி கிடைக்கும், உண்மை; ஊரில் இருந்த வம்பும் கூடவே வந்துவிடும். பாடசாலை வாயிலில் கிடைத்த அந்த ஆப்கானியச் சகோதரிதான் என் மகளுக்கு ஹலால் இறைச்சிக் கடையையும் பிள்ளை வைத்தியரையும் தோமஸ் வீதியின் ஆப்கான் பசாரையும் காட்டிக்கொடுத்தவர்.

இப்போது அவர்கள் சொந்த வீடு வாங்குவதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். வட்டியில்லா முறையில் வீட்டு நிதி வழங்கும் நிறுவனங்கள் மெல்பேர்னில் உள்ளன, எம்.சி.சி.ஏ. 1989 முதல் இருக்கிறது. அவற்றின் ஒப்பந்தங்களை ஆலிம் ஒருவரையும் சட்டத்தரணி ஒருவரையும் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். அதை இன்னொரு வாரத்தில் எழுதுகிறேன். கையிலுள்ள பணத்துக்குப் புதிய வீடு வெளி விளிம்பில்தான் கிடைக்கும் என்று மருமகன் மறுபடியும் படங்கள் அனுப்பியிருக்கிறார். நான் அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை. முகவரியை மட்டும் கேட்டு, மகளுக்கு அனுப்பிவிட்டேன். அவள் இப்போது கார் ஓட்டுகிறாள். இருந்தும் அங்கே போய் முதலில் பாடசாலை வரை நடந்து பார்த்திருக்கிறாள். முப்பத்தொரு நிமிடமாம்.